நிலக்காட்சிப் பானைகளில் வரும் கோளாறுகள்: எதைப் பார்த்து எதைத் திருத்துவது

புதுச்சேரியிலும் ஆரோவில் பக்கமும் ஸ்டோன்வேர் பானை, அதாவது உயர்ந்த சூட்டில் கல்போல இறுகச் சுடும் பானை, செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள், அங்கே கற்றவர்கள், அவர்களிடம் கற்றவர்கள் என்று இந்தக் கூட்டம் பெருகிவிட்டது. இதில் பலருக்கு வெறும் கிண்ணமும் குவளையும் போதவில்லை. வெள்ளிக் கடற்கரையின் அலை, கேப்பர் மலையின் செம்மண் சரிவு, பிச்சாவரத்து அலையாத்தி வேர், செஞ்சியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும் பாறை, இதெல்லாம் பானையில் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். ஆசைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் சாதாரணக் கிண்ணத்துக்கு வராத கோளாறெல்லாம் இந்தப் பானைகளுக்கு வரும். ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் மெல்லிசு. ஒரே பானையில் இரண்டு மூன்று வகை மண். சூட்டில் உருகிக் கண்ணாடி போலப் படியும் பூச்சான கிளேஸைத் தடியாக அள்ளி ஊற்றுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, கரையிலிருந்தும் மேட்டிலிருந்தும் அள்ளிவந்த மணலையும் மண்ணையும் அப்படியே உள்ளே சேர்ப்பது. நான் பார்த்தவரை, கெட்டுப்போன பானையைக் கொண்டுவந்து 'ஏன் இப்படி ஆச்சு' என்று கேட்பவர்களில் பெரும்பாலோருக்குப் பதில் இந்த நான்கில் ஒன்றில்தான் இருக்கிறது.

பதிலைத் தேடுவதற்கு முன், கோளாறு எந்தக் கட்டத்தில் வந்தது என்று தெரிய வேண்டும். கிளேஸ் போட்ட பானையில் விரிசல் இருந்தால் அதன் ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். ஓரத்தில் கிளேஸ் உருண்டு மழுங்கியிருந்தால், கிளேஸ் உருகும் முன்பே அந்த விரிசல் இருந்திருக்கிறது, அதாவது காயும்போதோ, கிளேஸ் பூசும் முன் சுடும் முதல் சூட்டிலோ வந்தது. ஓரம் கண்ணாடிச் சில்லு போலக் கூராக இருந்து விரலைக் கீறினால், அது சூளை ஆறும்போது வந்தது. இது தெரியாமல் சிலர் மண்ணை மாற்றுவார்கள், கிளேஸை மாற்றுவார்கள், சக்கரத்தைக்கூட மாற்றுவார்கள். பானையை எடுத்து வெயிலில் பிடித்து இந்த ஓரத்தைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

காயும்போதே விரிசல் விழுகிறது

அடிப்பாகத்தின் நடுவில் எஸ் வடிவத்தில் வளைந்த விரிசலா? சக்கரத்தில் சுவரை மேலே இழுக்கும்போது சுவர் இறுகிவிடுகிறது, அடி மட்டும் இறுகாமல் தளர்ந்தே கிடக்கிறது, போதாததற்குத் தண்ணீரும் அங்கேயே தேங்குகிறது. அடியை ஓரத்திலிருந்து நடுவுக்கு மரத்தகட்டால் நன்றாக அழுத்தித் தேய்த்து, உள்ளே நிற்கும் தண்ணீரை ஸ்பான்ஜால் ஒற்றி எடுங்கள்.

விளிம்பிலிருந்து கீழே இறங்கும் விரிசல் என்றால் விளிம்பு சீக்கிரம் காய்ந்துவிட்டது. கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று வீசும் நேரத்தில் ஜன்னலோரம் வைத்த பானைக்கு இது வராமல் இருந்தால்தான் அதிசயம். விளிம்பை மட்டும் பிளாஸ்டிக் தாளால் சுற்றி வையுங்கள், அடி தன் பாட்டுக்குக் காய்ந்து வரட்டும்.

மலை முகட்டுக்காகப் புடைப்பாக மண் சேர்த்த இடத்தின் ஓரத்தில் விரிசல் என்றால், காரணம் கனம். களிமண் காயும்போது சுருங்கும். ஸ்டோன்வேர் மண் காய்ந்து சுட்டு முடிக்கும்போது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடும். மெல்லிய சுவர் முதலில் சுருங்கி நின்றுவிடுகிறது, தடித்த முகடு பிறகு சாவகாசமாகச் சுருங்கி அதை இழுக்கிறது. இதற்கு என் யோசனை, மலையை வெளியே ஒட்டாதீர்கள். சுவர் ஈரமாக இருக்கும்போதே உள்ளேயிருந்து விரலாலோ வழவழப்பான கூழாங்கல்லாலோ வெளியே தள்ளி மலையை எழுப்புங்கள், வெளியே தட்டுப்பலகையால் தட்டி வடிவம் கொடுங்கள். நம் ஊர்க் குயவர்கள் பானையின் வயிற்றைப் பெரிதாக்குவது இப்படித்தான்: உள்ளே கல், வெளியே பலகை. கனம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கும், முகடும் ஒட்டுப்போட்டது மாதிரி இல்லாமல் பானையிலேயே முளைத்தது மாதிரி இருக்கும்.

ஒட்டித்தான் ஆகவேண்டும் என்றால், உதாரணமாக அலையாத்தி வேர்களை உள்ளேயிருந்து தள்ளி எழுப்ப முடியாது, இரண்டு பக்கமும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும். இரண்டையும் கீறி, அதே மண்ணைக் கரைத்த குழம்பைத் தடவி, அழுத்தி, அசைத்துப் பொருத்துங்கள். வேர் கழன்று விழுவதெல்லாம் காய்ந்த பானையில் ஈர வேரை ஒட்டுவதால் வருவது. ஒட்டியபின் முழுப் பானையையும் ஓரிரண்டு நாள் பிளாஸ்டிக்கில் மூடிவைத்தால் ஈரம் சமமாகப் பரவிவிடும்.

முதல் சூட்டிலேயே வெடித்துச் சிதறிவிட்டது

உள்ளே காற்றுக்குமிழி இருந்திருக்கும் என்று யாராவது சொல்வார்கள். வெடிக்க வைப்பது நீராவி. 100 டிகிரியில் தண்ணீர் ஆவியாகும்போது வெளியேற வழி கிடைக்காவிட்டால் சுவரைப் பிளந்துகொண்டு போகும். குமிழி இருந்த இடத்தில் சுவர் தடிமனாகவும் ஈரமாகவும் இருந்திருக்கும், பழி மட்டும் குமிழிக்கு. தடித்த பாறை, தடித்த மலை உள்ள பானைகள்தான் இப்படிப் போகும்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் புகார் அதிகம். வடகிழக்குப் பருவமழை அடிக்கும்போது காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும், பானை எத்தனை நாள் நின்றாலும் உள்ளே காயாது, ஆனால் வெளிப்பார்வைக்கு வெளுத்து, காய்ந்ததுபோல் இருக்கும். பானையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் போகவில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து ஊரே தண்ணீரில் நின்றதே, அந்த மாதிரி வாரங்களில் சூளை மூட்டாமல் இருப்பதே உத்தமம். அவசரம் என்றால் சூளையை 80, 90 டிகிரியில் நிறுத்தி, மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்து, சில மணி நேரம் அப்படியே விடுங்கள். மூடி இடுக்கில் ஒரு கண்ணாடியைக் காட்டினால் ஆவி படிகிறதா என்று தெரிந்துவிடும். படிவது நின்ற பிறகு சூட்டை ஏற்றுங்கள். உள்ளே வெற்றிடமாக மூடிய வடிவம் எதுவானாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு ஊசித்துளை கட்டாயம்.

நல்லபடியாக வந்த பானை, சில வாரம் கழித்துத் தானாகத் தெறிக்கிறது

இதுதான் நம் கடற்கரைப் பானைக்காரர்களின் தனிச் சொத்து, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பானை சூளையிலிருந்து அழகாக வந்திருக்கும். அலமாரியில் வைத்திருப்பீர்கள், யாருக்காவது கொடுத்தும் இருப்பீர்கள். பிறகு ஒருநாள் சுவரிலிருந்து பட்டாணி அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து விழுந்திருக்கும். அந்தக் குழியை உற்றுப் பாருங்கள். நடுவில் கடுகளவு ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும், குண்டூசியால் சுரண்டினால் மாவாக உதிரும். அது சுண்ணாம்பு.

கடற்கரை மணலில் கிளிஞ்சல் தூள் கலந்திருக்கிறது. மணல் நிறம் வேண்டும், கரகரப்பு வேண்டும் என்று அந்த மணலை மண்ணோடு பிசைந்தால் கிளிஞ்சலும் உள்ளே போகிறது. கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாக மாறுகிறது, வெளியே வந்ததும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பொங்குகிறது. கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, தண்ணீர் தெளித்து, பொங்கி மாவானதும் வெள்ளையடிப்பது நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நடந்த வேலை. அதே வேலைதான் உங்கள் பானைச் சுவருக்குள்ளும் நடக்கிறது, இடம் போதாமல் சுவரைத் தள்ளிக்கொண்டு வருகிறது. புதுச்சேரிக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் இங்கே சீக்கிரமாகவே தெரிந்துவிடும்.

மாவாக அரைத்த கால்சியம் கார்பனேட்டால் இந்தத் தொல்லை வராது, கிளேஸிலேயே அதைப் போடுகிறோம். கண்ணுக்குத் தெரியும் அளவில் துகளாக இருந்தால்தான் ஆபத்து.

சோதனை சுலபம். மணலில் ஒரு தேக்கரண்டி எடுத்து அதில் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் கிளிஞ்சல் இருக்கிறது. நல்ல தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் உப்புதான் போகும், கிளிஞ்சல் போகாது. இதைப் பலர் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். நுரை முற்றிலும் அடங்கும்வரை வினிகரில் ஊறவைத்து, மாற்றி ஊற்றி, பிறகு அலசினால் அந்த மணலைப் பயன்படுத்தலாம். ஆனால் இவ்வளவு பாடு எதற்கு? தென்பெண்ணை ஆற்று மணலைச் சலித்து எடுத்தால், அல்லது உடைந்த முதல்சூட்டுப் பானைகளை இடித்துப் பொடித்துச் சேர்த்தால், அதே கரகரப்பு வரும். ஆற்று மணலையும் ஒருமுறை வினிகரில் பார்த்துவிடுங்கள். கடற்கரையில் அலை ஒதுக்கும் கறுப்பு மணல் இருக்கிறதே, இல்மனைட் போன்ற இரும்புத் தாதுக்கள் உள்ளது, அதைக் கிளிஞ்சல் நீக்கி ஒரு சிட்டிகை சேர்த்தால் சூட்டில் கரும்புள்ளிகள் பூக்கும். அது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

கிளிஞ்சலின் வரிகள்தான் வேண்டும் என்றால் ஈர மண்ணில் அழுத்தி எடுத்துவிடுங்கள். அச்சு இருக்கும், கிளிஞ்சல் இருக்காது.

ஏற்கெனவே சுட்டுவிட்ட சுடுமண் பானைக்கு ஒரே ஒரு வழி உண்டு. சூளையிலிருந்து எடுத்ததும், கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின், பானையை முழுசாகத் தண்ணீரில் மூழ்க வைப்பது. சுண்ணாம்பு மெதுவாகப் பொங்காமல் உடனே நீறிக் கூழாகிவிட்டால் தெறிப்பு குறையும். செங்கலிலும் இதைச் செய்வார்கள். ஸ்டோன்வேரில் கிளேஸுக்குக் கீழே இருக்கும் சுண்ணாம்பை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, அந்தப் பானையை விற்காதீர்கள்.

விளிம்பில் வெள்ளைப் படலம், அந்த இடத்தில் கிளேஸ் கொப்புளிக்கிறது

உப்பு. அலசாத கடல் மணலிலிருந்து வரலாம், கரிப்புத் தண்ணீரில் மண் கரைத்தாலும் வரும், கடலோரப் போர்வெல்களில் தண்ணீர் உப்பாகிக்கொண்டே வருவது உங்களுக்குத் தெரியாததில்லை. பானை காயும்போது தண்ணீர் எங்கே அதிகமாக ஆவியாகிறதோ அங்கே உப்பையும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அதனால்தான் விளிம்பு, புடைப்பு, மலைமுகடு இங்கெல்லாம் வெள்ளையாகத் தெரியும். மழைத்தண்ணீர் பிடித்து அதில் ஒரு சின்னக் கிண்ணமும், வழக்கமான தண்ணீரில் ஒன்றும் செய்து காயவைத்துப் பாருங்கள், குற்றவாளி தண்ணீரா மண்ணா என்று தெரிந்துவிடும். செங்கல் தொழிற்சாலைகளில் பேரியம் கார்பனேட் சேர்த்து இதை அடக்குவார்கள். அது விஷம், வீட்டில் வேண்டாம்.

செடி வைத்த சுடுமண் தொட்டியில் மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றிய பிறகு வெளியே பூக்கும் வெள்ளை வேறு கதை. அது தண்ணீரிலும் உரத்திலும் உள்ள உப்பு. வினிகர் கலந்த தண்ணீரால் பிரஷ் போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

செம்மண் நிறம் சூளையில் கறுத்துவிட்டது

கேப்பர் மலை மண்ணோ ஆரோவில் பக்கத்துப் பள்ளத்தாக்கு மண்ணோ, கையில் பார்க்கும்போது செக்கச்செவேல் என்று இருக்கும். அந்தச் சிவப்பு இரும்பு ஆக்சைடு. 1000 டிகிரி அளவில், சூளைக்குள் காற்று தாராளமாக இருந்தால், சிவப்பு நிற்கும். 1250-க்குப் போனால் பழுப்பாகும், காற்றைக் குறைத்துப் புகையவிட்டுச் சுட்டால் கறுப்பாகவே ஆகிவிடும். ஆகவே ஒரு முடிவு எடுக்க வேண்டும்: உங்களுக்கு வேண்டியது கேப்பர் மலையின் சிவப்பா, ஸ்டோன்வேரின் உறுதியா? சிவப்புதான் என்றால் சுடுமண் சூட்டிலேயே நின்றுவிடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, அந்த நிறத்துக்கு ஸ்டோன்வேரில் ஈடு கிடையாது. இரண்டும் வேண்டும் என்று சிலர் சுடுமண் பானையில் ஸ்டோன்வேர் கிளேஸைப் பூசி 1250-க்கு ஏற்றிவிடுகிறார்கள். பானை உருகிச் சூளைத் தட்டில் வழிந்து கிடக்கும், தட்டும் போச்சு.

செம்மண்ணைப் பூச்சாக மட்டும் போடும்போது உரிந்து வந்தால், அந்த மண்ணில் மணல் அதிகம், பிசுக்கு குறைவு, பானை சுருங்கும் அளவுக்கு அது சுருங்குவதில்லை. எண்பதாம் நம்பர் சல்லடையில் சலித்து, சரிபாதி பால் கிளே (ball clay) என்னும் பிசுக்கு மிகுந்த வெள்ளைக் களிமண் சேர்த்துக் கரைத்து, பானை இன்னும் ஈரமாக, நகத்தால் கீறினால் கோடு விழுகிற ஆனால் அழுத்தினால் நெளியாத பதத்தில் பூசுங்கள். வெள்ளைக் களிமண்ணுக்கு நமக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை, நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடைக்கிறது, விருத்தாசலத்துப் பீங்கான் தொழில் வளர்ந்ததே இந்தச் சுற்றுவட்டாரத்து மண்ணை நம்பித்தான்.

கடல் நிறத்துக்குப் போட்ட கிளேஸ் தேன் நிறமாக வந்தது

அதிகம் கேட்கப்படும் கேள்வி. கடல் பச்சை சாயலில் வரும் செலடான் கிளேஸில் நிறம் கொடுப்பது ஒன்றிரண்டு சதவீத இரும்பு. சூளைக்குள் காற்றைக் குறைத்து எரித்தால்தான் இரும்பு அந்தப் பச்சையைத் தரும், அதாவது எரிவாயுச் சூளையோ விறகுச் சூளையோ வேண்டும். மின்சூளையில் காற்று குறைவதில்லை, அதே இரும்பு அங்கே தேன் நிறமாகத்தான் நிற்கும். கிளேஸில் தவறில்லை, சூளைக்கு ஏற்ற கிளேஸ் இல்லை, அவ்வளவுதான்.

மின்சூளைக்காரர்கள் என்ன செய்வது? கோபால்ட் கார்பனேட் அரை சதவீதம் போட்டால் நீலம் வரும், ஆனால் அது கடலின் நீலமாக இருக்காது, பள்ளிக்கூட மைபோலப் பளிச்சென்று தட்டையாக இருக்கும். அதோடு இரும்பு ஒன்றிரண்டு சதவீதமும் ரூடைல் என்னும் டைட்டானியம் தாதுப் பொடி மூன்று நான்கு சதவீதமும் சேருங்கள். நிறம் அடங்கும், கிளேஸ் மெல்லிசாக இருக்கும் முகடுகளில் பழுப்பாகவும், பள்ளங்களில் நீலமாகவும் பிரியும். ஒரு முறை காந்தி சிலைக்கு எதிரே கறுப்புப் பாறைமேல் நின்று கடலைப் பாருங்கள்: பாறையோரம் கலங்கல், கொஞ்சம் தள்ளிச் சாம்பல் பச்சை, அதற்கும் அப்பால்தான் நீலம். பிரிந்து வரும் கிளேஸ்தான் இதைக் காட்டும், ஒரே நிறமாக நிற்கும் கிளேஸ் காட்டாது. வெளிர்ப் பச்சைநீலம் வேண்டுமானால் சோடா அதிகமுள்ள கிளேஸில் தாமிரம் போட வேண்டும். அந்த வகைக் கிளேஸில் மயிர்க்கோடுகள் அநேகமாக விழும், தெரிந்தே போடுங்கள்.

காட்டுப் பச்சைக்குக் குரோமியம் ஆக்சைடு போட்டு, பக்கத்தில் மேகத்துக்கு வெள்ளீயம் சேர்ந்த வெள்ளைக் கிளேஸ் போட்டவர்களுக்கு மேகம் ரோஸ் நிறமாக வந்திருக்கும். குரோமியம் சூட்டில் ஆவியாகிப் போய் வெள்ளீயத்தோடு சேர்ந்தால் ரோஸ்தான். வெள்ளைக்கு ஜிர்கான் அடிப்படையிலான பொடியை மாற்றுங்கள், அல்லது அந்தி வானம் என்று வைத்துக்கொள்ள மனமிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், உண்மையிலேயே அழகான நிறம் அது.

தாமிரம், மாங்கனீசு அதிகமுள்ள கிளேஸைச் சாப்பிடும் பாத்திரத்தின் உட்புறம் பூசவேண்டாம். புளிக்குழம்பும் ஊறுகாயும் ஊற்றுகிற வீடு நம் வீடு, புளிப்பு தாமிரத்தைக் கரைத்து எடுத்துவிடும். பூஞ்சாடிக்கும் செடித்தொட்டிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பொடிகளைக் கலக்கும்போது நல்ல முகக்கவசம், சூளை எரியும்போது காற்றோட்டம், இவற்றில் சமாதானமே கூடாது.

கிளேஸ் வழிந்து சூளைத் தட்டில் ஒட்டிக்கொண்டது. அல்லது உருகவே இல்லை

அருவி போல வழிய வேண்டும் என்றுதான் சாம்பல் கிளேஸ் போடுகிறோம், அது அடியில் நிற்காமல் தட்டுக்கும் இறங்கிவிடுகிறது. சவுக்கு விறகுச் சாம்பலில் கால்சியம் அதிகம், உயர்ந்த சூட்டில் தண்ணீராக ஓடும். பழைய கணக்கு ஒன்று இருக்கிறது: சாம்பல் 40, பெல்ட்ஸ்பார் (கிளேஸை உருகவைக்கும் கனிமப் பொடி) 40, களிமண் 20. இது 1260, 1280 டிகிரிக்கு. அதிகம் ஓடினால் களிமண்ணைக் கூட்டுங்கள். அடியில் ஒன்றரை விரற்கடைக்கு மேல் கிளேஸ் இல்லாமல் விடுங்கள், தடியாகப் பூசுவதை மேல் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள், பானைக்குக் கீழே முதல்சூட்டு மண்ணில் செய்த சின்னத் தட்டு ஒன்றை வையுங்கள். அலுமினாவும் சீனக்களிமண்ணும் கரைத்துச் சூளைத் தட்டில் பூசி வைத்தால், ஒட்டினாலும் உளியால் தட்டி எடுக்கலாம். ஈரச் சாம்பல் கையை அரிக்கும், கையுறை போடாமல் அதில் கை விடாதீர்கள்.

சிலருக்கு நேர்மாறு: அதே கணக்கு, அதே சூடு, ஆனால் கிளேஸ் வெள்ளை மாவாக அப்படியே நிற்கிறது. எந்தச் சாம்பல் என்று கேட்டால், அரிசி ஆலையிலிருந்து வாங்கிய உமிச்சாம்பல் என்பார்கள். உமிச்சாம்பலில் ஏறக்குறைய எல்லாமே சிலிக்கா, அது தானாக உருகாது, மற்றதையும் உருகவிடாது. அதை வீசிவிட வேண்டாம், கிளேஸில் சிலிக்காவுக்குப் பதிலாகக் கொஞ்சம் சேர்த்தால் மூடுபனி போன்ற வெண்மை கிடைக்கும், மலைப் பானைகளுக்கு நன்றாகப் பொருந்தும்.

கிளேஸ் அங்கங்கே ஒதுங்கி, மண் வெறுமையாகத் தெரிகிறது

தூசி அல்லது எண்ணெய். செதுக்கிய பள்ளங்களில் முதல்சூட்டுத் தூசி அடைந்திருக்கும், ஈர ஸ்பான்ஜால் துடைத்து ஒரு நாள் காயவிட்டுப் பிறகு பூசுங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு பானையைத் தொட்டாலும் இதே கதிதான். இரண்டும் இல்லை என்றால் கிளேஸ் தடி. பள்ளத்தில் குளமாக நின்ற கிளேஸ் காயும்போதே வெடிப்பு விட்டிருக்கும், விரலால் தேய்த்து அந்த வெடிப்பை மூடிய பிறகு சுட வேண்டும்.

கோடையில் ஊசுட்டேரியின் ஓரத்தில் வறண்ட சேறு வெடித்துக் கிடக்குமே, அந்தத் தோற்றம் வேண்டுமானால் இந்தக் கோளாறையே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். கிளேஸில் மக்னீசியம் கார்பனேட் 20 சதவீதத்துக்கு மேல் சேர்த்து, கரும்பழுப்புப் பூச்சின்மேல் தடியாகப் பூசினால், கிளேஸ் தீவு தீவாகப் பிரிந்து நிற்கும். வெளிப்புறத்துக்கு மட்டும்.

ஊசித்துளைகள் என்றால் முதல் சூட்டில் மண்ணிலுள்ள கரி முழுக்க எரியவில்லை. 700-இலிருந்து 900 டிகிரிவரை மெதுவாக ஏற்றுங்கள், கிளேஸ் சூட்டில் உச்சத்தில் ஒரு கால்மணி நேரம் நிறுத்துங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

மயிர்க்கோடுகள், 'டிங்' சத்தம், பிளவு

சூளை திறந்த பிறகு டிங் டிங் என்று சத்தம் கேட்டால் கிளேஸில் கோடு விழுகிறது. ஆறும்போது கிளேஸ் மண்ணைவிட அதிகம் சுருங்குகிறது. சோடா, பொட்டாஷ் உள்ள பெல்ட்ஸ்பாரைக் குறைத்து, சிலிக்காவை ஐந்து ஐந்து சதவீதமாகக் கூட்டிச் சோதனை வில்லைகளில் பாருங்கள். கிண்ணத்தின் நடுவே ஏரி வேண்டும் என்று கண்ணாடிச் சில்லுகளை உருக்குகிறவர்களுக்குக் கோடு விழாமல் இருக்கவே இருக்காது. அதன் அழகே அதுதான், ஆனால் அதில் சாப்பிட வேண்டாம். ஏரி ஆழமாக இருந்தால் பானையே பிளந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். உள்ளே தடியாகக் கண்ணாடி, வெளியே ஒன்றுமில்லை என்றால் சுவர் அந்த இழுப்பைத் தாங்காது. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள்.

கூரான ஓரத்தோடு பானை இரண்டாகப் பிளந்திருந்தால், சூளை அவசரமாக ஆறியிருக்கிறது. 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று அளவு மாறும், 226 டிகிரியையொட்டி இன்னொரு மாற்றமும் உண்டு. இந்த இரண்டு இடத்திலும் சூளை மெதுவாக இறங்க வேண்டும். ஆசை தாங்காமல் 200-இல் மூடியைத் தூக்கிப் பார்க்கிறவர்களின் பானைதான் அதிகம் பிளக்கிறது. 100-க்குக் கீழே வந்த பிறகு திறங்கள்.

தண்ணீர் கசிகிறது

குடிநீர்ப் பானை என்றால் கசிந்தால்தான் தண்ணீர் குளிரும், அதைத் தடுக்கப் பார்க்காதீர்கள். பூஞ்சாடி கசிந்தால் மண் போதுமான அளவு இறுகவில்லை. கிளேஸ் இல்லாத ஒரு துண்டை நன்றாகக் காயவைத்து எடை போட்டு, இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து, அதே தண்ணீரில் ஆறவிட்டு, துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். கூடிய எடையைக் காய்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம் கிடைக்கும். ஸ்டோன்வேருக்கு மூன்றுக்குள் இருக்க வேண்டும். எட்டு, பத்து என்று வந்தால், உங்கள் மண் தாங்கும் என்றால் அடுத்த முறை இருபது முப்பது டிகிரி கூட்டிச் சுடுங்கள். மண்ணில் கொப்புளங்கள் எழும்பினால் அளவு தாண்டிவிட்டது, திரும்பி வாருங்கள்.

விற்கும் முன் ஒவ்வொரு பூஞ்சாடியையும் தண்ணீர் நிரப்பிச் செய்தித்தாளின்மேல் ஓர் இரவு வையுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் அந்தச் சாடியைப் பூச்சு மருந்து எதுவும் தடவி ஒப்பேற்றாமல் செடித்தொட்டியாக்கிவிடலாம். டைல்ஸ் துளைக்கும் வைர முனையை டிரில்லில் மாட்டி, சாடியை ஈரத்துணிமேல் கவிழ்த்து, துளைக்கும் இடத்தில் இன்னொருவர் குவளையால் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க, அழுத்தாமல் மெல்லத் துளையுங்கள். டிரில் பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும், தண்ணீர் புழங்கும் இடத்தில் மின்வயர் வேண்டாம்.